கம்பிக்குக் கீழே வைத்த சக்கை

"சத்தம் பத்தலை மாஸ்டர்," என்றார் அருமைநாயகம், கடைக்குள் கால் வைக்கும் முன்பே.

மாஸ்டர் என்றதும் நரைத்த தாடியும் கண்ணாடியுமாக ஓர் ஆளை நினைத்துக்கொள்ள வேண்டாம். மாஸ்டர் டெல்பினுக்கு முப்பது வயதுதான். பெரம்பூரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கிட்டார் ரிப்பேர் கடை. வாசிக்கிறவர்கள் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வயது மூத்த அருமைநாயகமும் அப்படித்தான்.

அருமைநாயகம் ரகோத்தமன் இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவர். கல்யாண ரிசப்ஷனோ கோயில் திருவிழாவோ, மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. இப்போது அந்த நாற்காலிதான் ஆட்டம் கண்டிருந்தது.

கொஞ்ச நாளாகவே எதுவும் சரியில்லை. ஆம்ப் சரியில்லை, மண்டபம் எதிரொலிக்கிறது, டிரம்ஸ்காரன் காட்டடி அடிக்கிறான். குறையே இல்லாத ஆள் அவர் ஒருவர்தான்.

உண்மை என்னவென்றால் அவருடைய காது மந்தமாகிக்கொண்டு வந்தது. இடது காது கிட்டத்தட்டப் போயே போய்விட்டது. அதை அவர் மனைவிக்குச் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. யாராவது இடப்பக்கம் நின்று பேசினால் சிரித்துத் தலையாட்டிவிடுவார். பெரும்பாலும் தப்பித்தும் விடுவார்.

"சத்தம் பத்தலைன்னா?"

"பிக்கப்பைக் கொஞ்சம் தூக்கணும் மாஸ்டர்."

கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, அவை அதிர்வதைப் பிடித்து ஆம்புக்கு அனுப்புகிற காந்தக் கட்டைதான் பிக்கப். மற்ற கிட்டார்களில் திருகாணியைத் திருகினால் அது ஏறும், இறங்கும். அருமைநாயகத்தின் கிட்டார் பீரோ செய்கிற ஆசாரி ஒருவர் செய்து கொடுத்தது. அதில் பிக்கப் நேராக மரத்தின்மேலேயே உட்கார்ந்திருந்தது. தூக்க வேண்டுமானால் அடியில் சக்கை என்கிற மெல்லிய மரத் தகடு கொடுக்க வேண்டும்.

மாஸ்டர் ஒரு தேக்குத் துண்டையும் இழைப்புளியையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார். அந்தக் கடையில் அதுதான் வழக்கம். யாருடைய கிட்டாரோ அவர்தான் சக்கையை இழைக்க வேண்டும்.

"எவ்வளவு தடிமன் வேணும் மாஸ்டர்?"

"உங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

இது ஒரு பதிலா என்று அருமைநாயகம் முணுமுணுத்துக்கொண்டே இழைத்தார். முதல் சக்கை கோணலாக வந்தது. அடுத்தது பிளந்துகொண்டது. பிறகு ஒன்று வாகாக வந்தது. அதை அடியில் வைத்து முடுக்கிவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

அடுத்த வாரம் திரும்பி வந்தார்.

"பத்தலை மாஸ்டர்."

மறுபடியும் தேக்குத் துண்டு, இழைப்புளி. கை பழகிவிட்டது. சுருள் சுருளாக விழுகிற சீவலைப் பார்த்தபடி அவர் இழைத்துக்கொண்டிருந்தபோது, மாஸ்டர் இடப்பக்கமாக வந்து நின்று ஏதோ சொன்னார்.

அருமைநாயகம் சிரித்துத் தலையாட்டினார்.

அதற்கும் அடுத்த தடவை வந்தபோது பிக்கப்புக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு தபால் அட்டைதான் நுழையும் போலிருந்தது.

"இன்னுமா அண்ணே?" என்று மாஸ்டர் நேருக்கு நேர் நின்று கேட்டார்.

"இன்னும் ஒரே ஒரு சக்கை. ரகோத்தமன் நேத்து எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார் மாஸ்டர். கிட்டார் சுருதியே சேரலையாம். சனிக்கிழமை ரிசப்ஷன் இருக்கு. அதுலயும் இப்படின்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்னுட்டார். நான் மெஷின் வச்சு சுருதி சேர்த்துட்டுத்தான் ஏறுறேன். எனக்கு வேற என்ன தொழில் தெரியும், சொல்லுங்க?"

அவர் பயந்துபோயிருந்தார்.

மாஸ்டர் தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தானே இருக்கு?"

மாஸ்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவருக்கு இடப்பக்கம் போய் நின்றுகொண்டார். அருமைநாயகம் தேக்குத் துண்டை எடுத்து இழைக்க ஆரம்பித்தார்.

திடீரென்று ஒரு கை அவர் தோளைத் தொட்டது. திரும்பினார்.

"டீ சொல்லவான்னு கேட்டேன் அண்ணே. மூணு தரம் கேட்டேன்."

அருமைநாயகத்துக்குத் தலையாட்ட வரவில்லை. இழைப்புளியைக் கீழே வைத்தார். காது மடல் வரைக்கும் வெட்கம் ஏறியது.

"காது கேக்காதது யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார் மாஸ்டர்.

"யாருக்கும் தெரியாது."

"எனக்கும் தெரியாமப் போச்சே."

மாஸ்டர் கிட்டாரை எடுத்து அவர் மடியில் நிமிர்த்தி வைத்தார். அவர் பின்னந்தலையைப் பிடித்து மெதுவாகக் குனியவைத்தார். தாடை கிட்டாரின் மேல் விளிம்பில் அழுந்தியது.

"பல்லைச் சேர்த்து வச்சுக்குங்க."

கம்பியைத் தட்டினார்.

அருமைநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மரம் பல்லுக்குள் பேசியது. சத்தம் தாடை வழியாக ஏறி மண்டை முழுக்க நிறைந்தது. இப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்று. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

அப்புறம்தான் அது கேட்டது. கோட்டம் விழுந்த சைக்கிள் சக்கரம் மாதிரி அந்தச் சத்தம் அலைந்து அலைந்து போனது. ஒரு சுருதியில் நிற்கவில்லை. கொஞ்ச தூரம்கூட ஓடாமல் செத்தும் போனது.

தலையைத் தூக்கினார். "என்ன இது?"

"காந்தம் ரொம்பப் பக்கத்துல இருக்கு. கம்பியைப் பிடிச்சு இழுக்குது. ஆட விட மாட்டேங்குது."

"எப்பலேர்ந்து இப்படி?"

"முதல் சக்கையிலேயே லேசா இருந்தது. ரெண்டாவது வச்சதும் மோசமாயிடுச்சு."

அருமைநாயகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரே சிரிச்சிருக்கு. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மாஸ்டர்?"

"சொன்னேன் அண்ணே. வேண்டாம், சுருதி கெடும்னு சொன்னேன். நீங்க சிரிச்சுக்கிட்டே தலையாட்டினீங்க. சரி, தெரிஞ்சேதான் கேக்கறார்னு விட்டுட்டேன்."

அருமைநாயகம் மேஜைமேலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிப் போனார்கள்.

அவரே பிக்கப்பைக் கழற்றினார். மேல் சக்கையை எடுத்தார். தாடையை மரத்தில் வைத்துக் கம்பியைத் தட்டிப் பார்த்தார். அலைச்சல் குறைந்திருந்தது, போகவில்லை. அடுத்ததையும் எடுத்தார். இப்போது சத்தம் நேராக ஓடியது, ஆனால் ஒரு பக்கத்துக் கம்பி மட்டும் மங்கலாக இருந்தது. அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் தடிமனாக வருகிற மாதிரி, சரிவாக ஒரு சக்கை சீவினார். வைத்தார், தட்டினார், கழற்றி இன்னும் ஒரு இழைப்பு இழைத்தார். மாஸ்டர் டீயைக் குடித்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்கால வெயில் மாடிப்படியைத் தாண்டியபோது அருமைநாயகம் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"சரியா வந்துடுச்சு. ஆனா சத்தம் முன்னைவிடக் கம்மியாத்தான் இருக்கும், இல்லையா மாஸ்டர்?"

"யாருக்கு?"

அருமைநாயகம் துணியால் கம்பிகளைத் துடைத்தார். கிட்டாரை உறையில் போட்டார்.

"மேடையில தாடையைக் கொண்டுபோய் கிட்டார்ல வச்சுக்கிட்டா எல்லாரும் பாப்பாங்களே. ரகோத்தமன் என்னய்யா இதுன்னு கேப்பாரே. அப்ப என்ன சொல்றது?"

மாஸ்டர் எடுத்துப்போட்ட சக்கைகளைப் பொறுக்கினார். அவற்றை அருமைநாயகத்தின் சட்டைப் பையில் போட்டார்.

"இது எதுக்கு?"

மாஸ்டர் அடுத்த கிட்டாரை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. அருமைநாயகம் டிரம்ஸுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரை மாட்டிக்கொண்டார். பாடகி மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரகோத்தமன் அவசரமாக வந்து அவர் இடப்பக்கம் குனிந்து ஏதோ சொன்னார்.

அருமைநாயகம் சிரித்தார். தலை பாதி ஆடியும் விட்டது.

கிட்டார் மேல் குனிந்தபோது சட்டைப் பையில் இருந்த சக்கை நெஞ்சில் குத்தியது.

"இந்தக் காது கேக்காது சார்," என்றார். "ஒரு வருஷமா கேக்கலை."

ரகோத்தமன் நிமிர்ந்தார். அவரைப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார், நிறைந்திருந்த மண்டபத்தைப் பார்த்தார். டிரம்ஸ்காரன் குச்சியைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தான்.

ரகோத்தமன் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தார்.

"ரெண்டாவது பாட்டு சுருதி அரைக்கட்டை கீழ," என்றார்.