மூன்று முறை அழைத்தும் பேசாத பொருள்

முன்னொரு காலத்தில், மோர்சாதம் உண்டு கை கழுவிக்கொண்டிருந்த ஓர் அரசனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சோற்றுக்கு உணர்வில்லை, மோருக்கு உணர்வில்லை, உப்புக்கும் இல்லை. இவற்றைத் தின்று வளர்ந்த தனக்கு மட்டும் உணர்வு எங்கிருந்து வந்தது?

சபையில் கேட்டான். விகடகவி எயினனைக் கண்டாலே ஆகாத அரண்மனைப் பண்டிதர் விடங்கதேவர் உடனே எழுந்தார். உணர்வில்லாத பொருள்களை மட்டும் வைத்து உணர்வை உண்டாக்கிக் காட்ட எயினனால்தான் முடியும் என்று புகழ்ந்தார். முடியாவிட்டால் அவன் நாட்டை விட்டுப் போகட்டும் என்றார். ஏமாற்று நடக்காதிருக்க ஒரு விதியும் வகுத்தார்: ஒவ்வொரு பொருளையும் அரசரே மூன்று முறை அழைக்க வேண்டும், பதில் சொல்லாதது ஜடம் என்று ஓலையில் எழுதப்படும். அரசன் ஒப்பினான். மறுநாள் மாலை வரை கெடு.

எயினனுக்கு விடை தெரியாது. வீட்டில் களிமண்ணைப் பிசைந்து பார்த்தான். அது களிமண்ணாகவே இருந்தது.

"மூட்டை கட்டிடவா?" என்று கேட்டாள் அவன் மனைவி நங்கை.

"கட்டு. முடிச்சை மட்டும் இறுக்காதே."

மறுநாள் விருந்துக்குப் பின் சபையில் வழக்கம்போல் அரச வம்சாவளி வாசிக்கப்பட்டது. முப்பத்திரண்டு தலைமுறை. பத்தாவது தலைமுறையிலேயே விடங்கதேவர் கண்ணை மூடிவிட்டார். அது தியானம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

வாசிப்பு முடிந்ததும் எயினன் ஒரு செம்பில் கிணற்றுத் தண்ணீருடன் வந்து நின்றான். அரசன் தண்ணீரை மூன்று முறை அழைத்தான். பதில் இல்லை. ஜடம் என்று எழுதினார்கள். செம்பும் ஜடமானது.

"இன்னும் ஒரு பொருள் இருக்கிறது, அரசே" என்று எயினன் பண்டிதரின் ஆசனத்தைக் காட்டினான்.

அரசன் தயங்கினான். ஆனாலும் விதி விதிதான். விடங்கதேவரைப் பெயர் சொல்லி மூன்று முறை அழைத்தான். மூன்றாவது முறைக்கு மெல்லிய குறட்டை வந்தது. குறட்டை பதிலாகுமா என்று ஓலை எழுதுபவர் கேட்டார். அரசன் சற்று யோசித்து, ஆகாது என்றான். அதுவும் ஓலையில் ஏறியது.

எயினன் ஒரு ஜடத்தை எடுத்து இன்னொரு ஜடத்தின் தலையில் ஊற்றினான்.

"யாரடா அவன்?" என்று துள்ளி எழுந்தார் பண்டிதர்.

"உணர்வு உண்டாகிவிட்டது, அரசே" என்றான் எயினன்.

பண்டிதர் தாடியைப் பிழிந்தபடி, தான் முன்பே உணர்வோடுதான் இருந்ததாக வாதிட்டார்.

எயினன் பணிவாகக் கேட்டான்: "அப்படியானால், அரசர் மூன்று முறை அழைத்தது காதில் விழுந்தும் தாங்கள் வாய் திறக்கவில்லை என்று எழுதச் சொல்லட்டுமா?"

பண்டிதர் ஓலையைப் பார்த்தார். அரசனைப் பார்த்தார். தான் ஜடமாகவே இருந்ததாக ஒப்புக்கொண்டார்.

அரசன் வயிறு குலுங்கச் சிரித்து, தன் பட்டுச் சால்வையை எயினனுக்குப் போர்த்தினான். பிறகு அவன் காதருகே குனிந்து, "உண்மையைச் சொல். ஜடத்திலிருந்து உணர்வு எப்படித்தான் வருகிறது?" என்றான்.

"தெரியாது, அரசே. தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். இப்போதைக்கு அவ்வளவுதான் தெரியும்."

அரசன் மறுபடியும் சிரித்தான். எயினன் சால்வையோடு வீடு திரும்பி மூட்டையை அவிழ்க்க உட்கார்ந்தான். வெகுநேரம் பிடித்தது. நங்கை முடிச்சை இறுக்கித்தான் போட்டிருந்தாள்.