ஓடுறதுக்கு ஏழு வார்த்தை

காட்டுக்குள்ள ஒரு குளம். குளத்தங்கரையில ஒரு நாவல் மரம். மரத்து மேல ஒரு கருமூஞ்சிக் குரங்கு, மரத்தடியில ஒரு புள்ளிமான்.

ரெண்டுக்கும் ஒரு ஏற்பாடு. குரங்கு பழத்தைப் பாதி கடிச்சுட்டு மீதியைக் கீழ போடும். மான் பொறுக்கித் தின்னும். புதருக்குள்ள ஏதாவது வாடை அடிச்சா மான் காலால தரையை ஒரு தட்டு தட்டும், குரங்கு கீழ இறங்காது. தூரத்துல சிறுத்தை தலை தெரிஞ்சா குரங்கு "கக்!"னு ஒரு சத்தம் போடும். என்ன ஏதுன்னு மான் கேக்காது. ஓடிடும்.

நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு, டவுன்லேர்ந்து மைனா வந்து சேர்ற வரைக்கும்.

அந்த மைனா ஆறு மாசம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் ஜன்னல் மேல குடியிருந்த மைனா. மாஸ்டர் தொண்டையைச் செருமுறது முதக்கொண்டு அதுக்கு அப்படியே வரும். "ஹ்ர்ர்ம். ரிப்பீட் ஆஃப்டர் மீ." கண்ணை மூடிட்டுக் கேட்டா மாஸ்டரே கிளையில உக்காந்திருக்காருன்னு நினைப்பீங்க.

வந்த அன்னைக்கே குரங்கு கத்துனதைக் கேட்டுச்சு. இறக்கையால வாயைப் பொத்திட்டுச் சிரிச்சுது.

"என்னண்ணே, தொண்டையில கொட்டை மாட்டிக்கிச்சா?"

"சிறுத்தை வருது, ஓடுன்னு சொன்னேன்."

"அதுக்கு இப்படியா? டவுன்ல ஓடுறதுக்கு மட்டும் ஏழு வார்த்தை வச்சிருக்காங்க. எனக்குத் தெரிஞ்சே ஏழு."

குரங்குக்கு மூஞ்சி ஏற்கெனவே கருப்பு. இன்னும் கொஞ்சம் கருத்துது.

மறுநாளே பாடம். மைனா பாத்த ஓட்டமெல்லாம் பஸ் ஸ்டாண்டு ஓட்டம்தானே, அதை வச்சே நடத்துச்சு.

"ஹ்ர்ர்ம். சும்மா ஓடுனா ரன். 'சீக்கிரம் வாடி, பஸ்ஸை எடுக்கப் போறான்'னா ஹர்ரி. துண்டு போட்டு சீட்டுப் பிடிக்க முண்டியடிச்சா ரஷ். மழைக்கு எதிர்க்கடையில ஒதுங்க ஒரே மூச்சா ஓடுனா டாஷ். பந்தயத்துல ஓடுனா ஸ்பிரிண்ட். செக்கிங் வந்ததும் டிக்கெட் எடுக்காதவன் திடீர்னு குதிச்சு ஓடுறான் பாருங்க, அது போல்ட். டீக்கடை எலி ஓடுனா ஸ்கர்ரி. மாத்திச் சொன்னா அசிங்கம், பாத்துக்குங்க."

குரங்கு பழம் திங்கிறதைக்கூட விட்டுட்டுப் படிச்சுது. கீழ மானுக்குப் பழம் விழல. அது போனாப் போகுது. மானுக்கு வேற கவலை.

"அண்ணே, கொஞ்சம் காது குடுங்க. நான் தனியா இருந்தப்ப நீங்க எப்பக் கத்துனாலும் ஓடிடுவேன். இப்ப குட்டி இருக்கு. பொறந்து அஞ்சு நாள்தான் ஆகுது, கால் இன்னும் பின்னுது. தூக்கிட்டு வேற குளத்துக்குப் போகவும் முடியாது. சிறுத்தை அந்த வெள்ளைப் பாறைகிட்ட வர்றப்பவே நீங்க கத்திட்டா, நாங்க ரெண்டு பேரும் தப்பிப்போம். பாறையைத் தாண்டிருச்சுன்னா நான் மட்டும்தான் தப்பிப்பேன்."

"கவலையே படாத தங்கச்சி. இனிமே கரெக்டான வார்த்தையா சொல்றேன்."

"கரெக்டா வேணாம்ணே. கக்குனு வந்தாப் போதும்."

"அண்ணேன்னு கூப்பிடாத," ன்னுச்சு மைனா. "சார்னு கூப்பிடு."

மான் ஒரு பெருமூச்சு விட்டுச்சு. மூக்கு முன்னாடி இருந்த புல்லெல்லாம் சாஞ்சுது.

ரெண்டு நாள் கழிச்சு செந்நாய் ஒண்ணு வந்துச்சு. நல்ல வேளை, குட்டி புல்லுக்குள்ள படுத்திருந்துச்சு. மான் மட்டும் வெளிய.

"ஸ்கர்ரி!"ன்னு கத்துச்சு குரங்கு.

மான் நிமிந்து பாத்துச்சு. "என்னதுண்ணே?"

"ஸ்கர்ரின்னா எலி குறுகுறுன்னு ஓடுமே, அது."

"நான் எலியா?"

"அதான் எனக்கும் இடிக்குது. டாஷ்னு வச்சுக்கலாமா? ஆனா மழை பெய்யலையே."

"மழையும் பெய்யல, பஸ்ஸும் வரல. என்னதான் வருது, அதைச் சொல்லுங்கண்ணே!"

வந்தது வாலைப் பிடிச்சப்புறம்தான் மானுக்கே தெரிஞ்சுது. ஒரே பாய்ச்சலாக் குளத்துக்குள்ள விழுந்து, கழுத்தளவு தண்ணியில நின்னு தப்பிச்சுது. செந்நாய் வாய்ல கொஞ்சம் வால் மசுருதான் மிச்சம்.

மான் நனைஞ்சுபோயி கரையேறி வந்தா, மேலேர்ந்து குரங்கு சொல்லுது, "தங்கச்சி, நீ இப்ப ஓடுனே பாரு, அது டாஷ் இல்ல. போல்ட். மைனாகிட்டக் கேட்டுட்டேன்."

"ஓடுனது நானு," ன்னுச்சு மான். மேல பேசுனா அதுக்கும் ஒரு பாடம் நடத்துவாங்க.

அடுத்த நாள் உச்சி வெயில். குட்டி பசியில எந்திரிச்சு வந்து, மரத்தடியில தாய்கிட்டப் பால் குடிச்சிட்டிருந்துச்சு. அப்பத்தான் வெள்ளைப் பாறைகிட்ட சிறுத்தை வந்துச்சு.

குரங்கு பாத்துருச்சு. முதல் ஆளாப் பாத்துருச்சு. வாயைத் திறந்துச்சு.

"சார், அவசரப்படாதீங்க," ன்னுச்சு மைனா. "நேத்து மாதிரி மானம் போயிடும். என்ன வார்த்தை சொல்லப் போறீங்க?"

"ரஷ்."

"ரஷ்ஷுக்குக் கும்பல் வேணும். இங்க ரெண்டே பேரு."

சிறுத்தை பாறையைத் தாண்டுச்சு.

"அப்ப ஸ்பிரிண்ட்."

"குட்டி எங்க சார் ஸ்பிரிண்ட் ஓடும்? அம்மாவுக்கு ஒண்ணு, குட்டிக்கு ஒண்ணு, தனித்தனியா சொல்லணும்."

"அம்மாவுக்கு போல்ட், குட்டிக்கு ஹர்ரி?"

"எதை முதல்ல சொல்லுவீங்க?"

சிறுத்தை வயித்தைத் தரையில தேச்சுக்கிட்டுப் பின்பக்கமா மரத்தடிக்கே வந்துருச்சு. காத்து எதிர்ப்பக்கம், அதனால மானுக்கு வாடை எட்டல. அது மேல பாத்துச்சு. ரெண்டும் ஏதோ பேசிட்டிருக்கிறது தெரிஞ்சுது. பாடம் நடக்குதுன்னு விட்டுருச்சு.

பேச்சு சுவாரசியத்துல குரங்கு தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்திருந்துச்சு. அது வால் ரெண்டு முழம். கிளையிலேர்ந்து தொங்கி, சரியா சிறுத்தை மூக்குக்கு முன்னாடி இப்படியும் அப்படியும் ஆடுச்சு. சிறுத்தை குட்டியைப் பாத்துச்சு. வாலைப் பாத்துச்சு. வால்தான் பக்கத்துல இருந்துச்சு.

ஓங்கி ஒரு அடி. வால் நுனி நகத்துல மாட்டிக்கிச்சு.

"கக்! கக்! கக்!"

ஏழுல ஒண்ணுகூட இல்ல. மூணும் சொந்தச் சத்தம். முதல் 'கக்'குலயே மான் குட்டியைத் தள்ளிக்கிட்டுப் புல்லுக்குள்ள பாஞ்சிருச்சு. மூணாவது 'கக்' வர்றப்ப ரெண்டும் மூங்கில் காட்டுக்குள்ள. வால் குஞ்சத்தைச் சிறுத்தைகிட்டயே விட்டுட்டு குரங்கு உச்சிக்கு ஏறிருச்சு. மைனா? அது எப்பவோ பறந்துருச்சு. போறப்ப ஒரு வார்த்தை சொல்லல, தமிழ்லயும் இல்ல, இங்கிலீஷ்லயும் இல்ல.

சாயங்காலம் மான் திரும்பி வந்துச்சு. குரங்கு மொட்டை வாலை மடியில வச்சு நக்கிட்டிருந்துச்சு.

"சார்," ன்னுச்சு மான்.

"அண்ணேன்னே கூப்பிடு தங்கச்சி."

"சரிண்ணே. மத்தியானம் மூணு தடவை சொன்னீங்களே, அதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"தெரியல. யோசிக்க நேரமில்ல."

"பாறைகிட்ட வந்தப்ப மட்டும் நேரம் இருந்துச்சாக்கும். எங்களை நீங்க காப்பாத்தலண்ணே, உங்க வால்தான் காப்பாத்துச்சு. நாளையிலேர்ந்து அதே சத்தத்தைப் போடுங்க. ஆனா வால் வரைக்கும் வரவிட்டுட்டுப் போடாதீங்க."

குரங்கு ஒரு முழுப் பழமாப் பாத்துப் பறிச்சு, கடிக்காமக் கீழ போட்டுச்சு.

அடுத்தவன் உயிரைக் காப்பாத்த வேண்டிய நேரத்துல, கத்துக்கிட்டதைக் காட்டிட்டு நிக்காம, வாய்க்கு முதல்ல வர்றதைச் சத்தமாச் சொல்லிடணும்.