தராசுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாடு

நாளைக் காலை கமிட்டி வருகிறது. விடுதி மெஸ்ஸில் சோறு வீணாவது குறையவில்லை என்றால் அதைக் குறைக்கப் பரிதி செய்யும் ஆராய்ச்சியையே மூடிவிடுவார்கள். அவனுடைய இத்தனை வருட உழைப்பும் அதோடு சரி.

அவன் செய்தது சின்ன வேலைதான். கை கழுவும் இடத்தில் தராசோடு நின்றான். மிச்சம் வைத்தவனை எல்லார் எதிரிலும் நிறுத்தி, எடை போட்டு, பெயரைப் பலகையில் எழுதினான். குப்பைத்தொட்டி பாதியாகக் குறைந்தது. போன வாரம் காய்ச்சலில் படுத்தான். தொட்டி நிரம்பி வழிந்தது.

இன்று விடிந்ததும் பேராசிரியர் ஜெயசீலிக்குப் போன் போட்டான். வயதில் அவனுக்கு இளையவர். ஆனாலும் அவன் வழிகாட்டி.

"மேடம், நான் இல்லாதப்பவும் பயலுக மிச்சம் வைக்கக் கூடாது. என்ன வழி? ரெண்டு கேமரா வாங்கிக் குடுங்க. சரி, ஒண்ணாவது குடுங்க."

"மத்தியானம் மெஸ்ஸுக்கு வாங்க. சாப்பிடலாம்."

"சோறு இறங்குற நிலைமையிலயா இருக்கேன்?"

"வாங்க பரிதி."

போனான். ஜெயசீலியே பரிமாறினார். சோற்றை மலையாகக் குவித்து சாம்பாரை ஊற்றினார். பிறகு தராசைக் கொண்டுவந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பலகையில் அவன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு எதிரே நின்றுகொண்டார்.

பயல்கள் சும்மா இருப்பார்களா? தட்டோடு வந்து சுற்றி நின்றுவிட்டார்கள்.

"இன்னைக்கு சாருக்கே தராசுடா!"

"சார், அந்தக் கறிவேப்பிலையையும் விட்றாதீங்க. அதுக்கும் வெயிட் உண்டு!"

பரிதிக்குக் காது சிவந்தது. குனிந்த தலை நிமிரவில்லை. அள்ளி அள்ளிப் போட்டான். கறிவேப்பிலையையும் மென்று விழுங்கினான். தட்டை வழித்துத் தராசில் டங்கென்று வைத்தான்.

"பார்த்துட்டீங்கல்ல? ஒரு பருக்கை இல்ல. இப்ப சொல்லுங்க, கேமரா உண்டா இல்லையா?"

"சாம்பார் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"உங்களுக்கு ஊத்தினதுல உப்பே கிடையாது. போட வேண்டாம்னு சமையல் மாஸ்டர்கிட்ட நான்தான் சொன்னேன்."

பரிதி தட்டைப் பார்த்தான். விரலை நக்கிப் பார்த்தான். ஆமாம், உப்பே இல்லை.

"அப்ப நாளைக்கு கமிட்டிகிட்ட நான் என்னத்தைச் சொல்றது மேடம்?"

ஜெயசீலி சுற்றி நின்ற பயல்களைக் காட்டினார்.

"சாம்பார் எப்படின்னு இவங்ககிட்ட நீங்க இன்னும் கேக்கவே இல்லையே."