பானையில் வைத்த பதில்

ஓடைச் சாமி அதிகம் பேசமாட்டார். கேட்டால் பதில் உண்டு. அதுவும் ஒரு சொல். இன்னொரு சொல் வேண்டுமென்றால் இன்னொரு கேள்வியோடு வரவேண்டும்.

மடம் மலையடிவாரத்தில், ஓடைக்கரையில். ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, வேப்பமரங்கள். வேறொன்றும் இல்லை. ஆடி மாதம் மட்டும் கூட்டம் வரும். மலைமேல் ஒரு ஐயனார் கோயில், அதற்கு ஏறுகிறவர்கள்.

சாமிக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த அன்று சாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தெரியும்?"

"வெப்சைட் நடத்தத் தெரியும் சாமி."

"நடத்தும்."

தீட்சை அவ்வளவுதான்.

வெப்சைட்டில் சாமியின் படம், பாட்டு, மலைப்பாதை விவரம் எல்லாம் இருந்தன. ஆனால் சனங்கள் வந்தது அதற்காக இல்லை. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அதில் கேள்வி கேட்பார்கள். சாயங்காலம் ஆவுடையப்பன் வாசிப்பார். சாமி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஒரு சொல் சொல்வார். ஆவுடையப்பன் அதைப் போட்டுவிடுவார். கேட்டவர் தன் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போனால், 'பதில்' என்ற பக்கத்தில் ஒரு விளக்குப் படமும் கீழே அந்த ஒரு சொல்லும் இருக்கும். கேள்வி இருக்காது. பெயர் இருக்காது. அது சாமியின் வழக்கம்.

"கேட்டவனுக்குக் கேள்வி தெரியாதா? எதுக்கு எழுதணும்?" என்பார்.

ஒரே குறை. பக்கம் திறக்க நேரமானது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தால் பால் பொங்கிவிடுகிறது, பக்கம் பாதிதான் வந்திருக்கிறது என்று தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து ஒருவர் எழுதினார். நியூசிலாந்தில், ஆக்லாந்தில், இன்னும் மோசம்.

ஆவுடையப்பன் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"சாமி, நம்ம வெப்சைட் இருக்கிற கம்ப்யூட்டர் சென்னையில இருக்கு. ஆக்லாந்துக்காரர் தொட்டா, அது கடல் தாண்டி இங்க வந்து, எல்லாத்தையும் தூக்கிக்கிட்டுத் திரும்பவும் கடல் தாண்டிப் போகணும். தூரத்தில இருக்கிறவங்களுக்குச் சீக்கிரம் கிடைக்க என்ன செய்ய?"

"குடத்தை எடும்," என்றார் சாமி.

ஆடி மாதம். மேலே முதல் வளைவில் ஒரு கிழவர் தாகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஆவுடையப்பன் கிணற்றில் இறைத்துக் குடத்தோடு ஏறிப்போய்க் கொடுத்தார். இறங்கி வந்தார். இரண்டாம் வளைவில் ஒரு குடும்பம். மறுபடி ஏறினார். இறங்கினார். சாமி மறுபடி மேலே கையைக் காட்டினார். ஆவுடையப்பன் குடத்தைத் தொப்பென்று கீழே வைத்தார்.

"சாமி, எனக்கு முட்டி வலி. ஒவ்வொருத்தருக்கும் இங்கிருந்தே சுமந்தா எப்படி? வளைவுக்கு ஒரு பானை வச்சு நிரப்பிவிட்டா, வாரவன் மோந்து குடிச்சிட்டுப் போறான்."

"வையும்," என்றார் சாமி. "நீரு கேட்டதும் இதைத்தானே?"

ஆவுடையப்பன் வளைவுக்கு வளைவு பானை வைத்தார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. சி.டி.என். என்பார்கள். உலகம் முழுக்க ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. அவர்களிடம் சொன்னால் நம் பக்கத்தின் நகலை அங்கங்கே வைத்துக்கொள்வார்கள். ஆக்லாந்தில் ஒருவர் கேட்டால் ஆக்லாந்துக் கம்ப்யூட்டரே எடுத்துக் கொடுத்துவிடும். அதனிடம் நகல் இல்லையென்றால் மட்டும் ஒருதரம் சென்னைக்கு வந்து வாங்கிப்போகும். அடுத்து வருகிறவருக்கு அதையே கொடுக்கும்.

மறுநாளே எல்லாம் முடிந்தது. பக்கம் கண் இமைக்கிற நேரத்தில் திறந்தது. டர்பன்காரர் பால் பொங்கவில்லை என்று எழுதினார்.

"எல்லாத்தையும் ஊர் ஊரா வச்சிட்டேன் சாமி," என்றார் ஆவுடையப்பன். முகமெல்லாம் சிரிப்பு.

சாமி வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

"பானையில என்ன வச்சீரு?"

"தண்ணி சாமி."

சாமி குச்சியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார். ஆவுடையப்பன் அதற்குமேல் யோசிக்கவில்லை. பாராட்டு வந்த அன்று யார் யோசிப்பார்கள்?

ஆக்லாந்தில் வடிவு என்று ஒரு பெண். கல்லிடைக்குறிச்சிக்காரி. அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். தாய் இல்லை, தகப்பனார் மட்டும் ஊரில் தன் தம்பி வீட்டோடு இருந்தார். அவள் கேட்டிருந்தாள்: 'அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. சித்தப்பா ஒன்றுமில்லை என்கிறார். நடுவில் லீவு போட்டால் என் வேலை போனாலும் போகும். இப்போதே வரவா, பள்ளி விடுமுறையில் வரவா?'

சாமி கண்ணைத் திறக்கவில்லை. "கிளம்பு."

ஆவுடையப்பன் போட்டார். அன்றைக்கே இன்னும் சிலருக்கும் பதில் போயிற்று. ஒருவருக்கு 'பொறு'. ஒருவருக்கு 'குளி'. ஒருவருக்கு 'பேசாதே'.

இரண்டு நாள் கழித்துச் சாமி கேட்டார். "அந்தப் பொண்ணு கிளம்பிட்டாளா?"

சாமி இப்படிக் கேட்கிறவர் இல்லை. ஆவுடையப்பன் போய்ப் பார்த்தார். அவர் பார்ப்பது சென்னைக் கம்ப்யூட்டரை. அதில் 'கிளம்பு' பத்திரமாக இருந்தது.

"பதில் போயிருச்சு சாமி. வந்துருவாங்க."

மறுநாளும் சாமி கேட்டார். ஆவுடையப்பனும் அதையே சொன்னார்.

அதற்கடுத்த நாள் காலையில் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். சட்டை கசங்கியிருந்தது. ஆஸ்பத்திரி வாடை. வடிவின் சித்தப்பா உலகநாதன்.

"சாமி, அண்ணனுக்கு ரொம்ப முடியல. பெரியாஸ்பத்திரியில சேர்த்திருக்கு. நாந்தான் ஒண்ணுமில்லைன்னு அசட்டையா இருந்துட்டேன். வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடக்கான். வடிவு எங்க, வடிவு எங்கன்னு கேக்கான்."

"வரலையா?"

"நீங்கதானே சாமி பொறுன்னு சொல்லிட்டீங்க. நாங்க என்ன சொன்னாலும் கேக்க மாட்டேங்கா. சாமி பொறுன்னா காரணம் இருக்கும், அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுங்கா. நீங்க ஒரு வார்த்தை மாத்திச் சொன்னீங்கன்னா..."

சாமி மெதுவாக ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார்.

"என்னவே?"

"கிளம்புன்னுதான் போட்டேன் சாமி. வந்து பாருங்க."

பார்த்தார்கள். விளக்குப் படம். கீழே 'கிளம்பு'. உலகநாதன் தன் போனை எடுத்து நீட்டினார். வடிவு படம் பிடித்து அனுப்பியது. அதே விளக்கு. கீழே 'பொறு'.

ஆவுடையப்பன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, யார் எப்போது திறந்தார்கள் என்று தேடிப் பார்த்தார்.

ஆக்லாந்தில் இன்னொருவர், கூட்டாளியோடு தகராறு என்று கேட்டிருந்தார். அவருக்குத்தான் 'பொறு'. அவர் முதலில் திறந்தார். ஆக்லாந்துக் கம்ப்யூட்டர் சென்னைக்கு வந்து அவர் பதிலை வாங்கிப்போய் நகல் எடுத்து வைத்துக்கொண்டது. அடுத்து வடிவு திறந்தாள். கடவுச்சொல் யாருடையது என்று பார்க்காமல் அதையே எடுத்துக் கொடுத்தது. அதன் வேலையே அதுதான். பெயரோ கேள்வியோ இருந்திருந்தால் அவளாவது கண்டுபிடித்திருப்பாள். வெறும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யாருடையதென்று எப்படிக் கண்டுபிடிக்க?

ஆவுடையப்பன் இரண்டு மூன்று இடத்தில் அமுக்கினார். உலகமெங்கும் இருந்த நகல்கள் அழிந்தன.

"எடுத்துட்டேன் சாமி. இனி அவங்க திறந்தா சரியா வரும்."

"படிச்ச பதிலை எவ திரும்பத் திறந்து பார்ப்பா?"

சாமி மேசைப் பக்கம் கையைக் காட்டினார்.

"போனை எடும்."

"சாமி, நீங்களே ஒரு வார்த்தை பேசினா..."

"நான் சொல்லியாச்சு. கொண்டு சேர்க்க வேண்டியது நீரு."

ஆக்லாந்தில் அப்போது பள்ளிக்கூடம் விடுகிற நேரம். பிள்ளைகள் கத்துவது கேட்டது.

"அம்மா, மடத்திலிருந்து ஆவுடையப்பன் பேசுதேன்."

"சொல்லுங்க அண்ணாச்சி. சாமி சௌக்கியமா?"

"சாமி உங்களுக்குச் சொன்னது பொறு இல்லம்மா. கிளம்புன்னு சொன்னாங்க. மாறி வந்திருச்சு. என் தப்பு."

ஒரு கதவு சாத்தப்பட்டது; பிள்ளைகளின் சத்தம் நின்றது.

"எப்பச் சொன்னாங்க?"

"நீங்க கேட்ட அன்னைக்கே."

போன் அணைந்தது.

அன்றெல்லாம் அவர் மற்றவர்களுக்கும் போன் போட்டார். ஊர் ஊராக, ஒவ்வொருவராக. ஒருவர் திட்டினார். ஒருவர் மகளின் கல்யாணப் பேச்சையே நிறுத்திவைத்திருந்தார். டர்பன்காரர் மட்டும், தனக்கு வந்த 'குளி' பொருத்தமாகத்தான் இருந்தது, மாற்ற வேண்டாம் என்றார்.

வடிவு வந்த அன்று தூத்துக்குடி விமான நிலையத்துக்கு ஆவுடையப்பனே காரோடு போனார். பெட்டியை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தகப்பனார் கண்ணைத் திறந்தார். மகள் கையைப் பிடித்துக்கொண்டார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"நேத்து வரைக்கும் பேசிக்கிட்டுத்தாம்மா இருந்தான்," என்றார் உலகநாதன்.

வடிவு வராந்தாவுக்கு வந்தாள். ஆவுடையப்பன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பொறு யாருக்கு?"

"அதை வெளியில சொல்லக்கூடாதும்மா."

"இப்ப மட்டும் தெரியுதா?" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

ஆவுடையப்பன் மடத்துக்குத் திரும்பினார். முதல் வேலையாக சி.டி.என். முழுவதையும் நிறுத்தினார். பிறகு மலைப்பாதையில் ஏறி, வளைவுகளில் இருந்த பானைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து கிணற்றடியில் கவிழ்த்தார்.

சாமி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன்வே?"

"வேண்டாம் சாமி. யாருக்கு எது வேணும்னாலும் இங்க வந்தே வாங்கிக்கிடட்டும். லேட்டானா ஆகட்டும்."

சாமி எழுந்து வந்தார். ஒரு பானையை நிமிர்த்தினார். கிணற்றில் இறைத்து நிரப்பினார். தூக்கி ஆவுடையப்பன் தோளில் வைத்தார்.

"ஏறும்."

"சாமி, முட்டி..."

"மேல ஆளு நாக்கு வறண்டு கிடக்கு. உம்ம முட்டியைப் பத்தி அவங்கிட்டச் சொல்லும்."

ஆவுடையப்பன் ஏறினார். முதல் வளைவில் ஒரு அம்மாள், பானை இருந்த இடத்தில் பதிந்திருந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீரைக் கண்டதும், "இப்பத்தான் வாரீராக்கும்?" என்றாள். மொண்டு மொண்டு குடித்தாள்.

எல்லாப் பானையும் பழையபடி இடத்துக்குப் போன பிறகு அவர் இறங்கி வந்து சாமி முன்னால் நின்றார். வேட்டியெல்லாம் ஈரம்.

"பானை வேணும், சரி. அப்ப வெப்சைட்டில எதை வைக்க, எதை விட? அதைச் சொல்லுங்க சாமி."

சாமி பதில் சொல்லுமுன் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். லாரி ஓட்டுகிறவர் போலிருந்தது. சாமி காலடியில் உட்கார்ந்து தணிந்த குரலில் என்னவோ கேட்டார். சாமி குனிந்தார். அவர் காதருகே வாயை வைத்து ஒரு சொல் சொன்னார். அந்த ஆள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். செருப்பை மாட்டவும் மறந்து, திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போனார்.

ஆவுடையப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அவருகிட்ட என்ன சாமி சொன்னீங்க?"

சாமி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அது அவனுக்குச் சொன்னது. உமக்குத் தாகமா இருக்கா? பானை பாதையில இருக்கு. போய்க் குடியும்."