தவணைக்காரி வாசல்

அந்த மடத்தில் குரு இளையவள், சிஷ்யை மூத்தவள். குரு ஞானசுந்தரியை ஊரார் சாமி என்பார்கள். அவளோ தன் சிஷ்யை தவமணியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அன்று காலை தவமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழை பெய்து அவள் நிலத்தில் மண் பதமாக இருந்தது. கையில் விதைக்கடலை வாங்கக் காசில்லை. அவள் சேர்ந்திருந்த மகளிர் கடன் குழுவில் அழகுநாச்சி தவணை கட்டவில்லை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களுக்கும் புதுக் கடன் கிடையாது. கட்டாதவள் வாசலில் எல்லோரும் போய் உட்காருவது குழுவின் வழக்கம். நாலு பேர் பார்க்க மானம் போனால் பணம் தானாக வருமாம்.

"அவ வாசல்ல உக்காரப் போறோம் சாமி. பாவமா?"

"வாங்க, நானும் வர்றேன்."

வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். உள்ளே அழகுநாச்சி அழுதுகொண்டிருந்தாள். கேட்கவே சங்கடமாக இருந்தது.

"அவ வாங்குன கடன் எங்க போச்சு?" என்றாள் குரு.

தவமணி எதிர்ப்பக்கம் கை காட்டினாள். டீக்கடை முன்னால் அழகுநாச்சியின் கணவன் பெரியகருப்பனின் புது பைக் நின்றது.

குரு தெருவைக் கடந்து போய் பைக் முன்னால் உட்கார்ந்தாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, அவர்களும் போய்ச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

பெரியகருப்பன் டீ கிளாஸோடு வெளியே வந்தான். "கையெழுத்துப் போட்டது அவ. அவளப் போய்க் கேளுங்க."

"அப்ப வண்டிச் சாவியையும் அவகிட்டயே குடுத்துடுங்க" என்றாள் குரு.

டீக்கடையே சிரித்தது. மதியத்துக்குள் தவணை வந்துவிட்டது.

திரும்பும் வழியில் தவமணி முன்னால் முன்னால் ஓடினாள். "நாளைக்குக் கடன் வந்துரும். கடலை வெதச்சிருவேன் சாமி."

"வெளஞ்சா வெல பேசுறது யாரு?"

"எங்க வீட்டுக்காரருதான். வியாபாரி வந்தா ரெண்டு பேரும் கட்டில்ல உக்காந்து பேசுவாங்க."

"பணம்?"

"அதும் அவரு கைக்குத்தான்."

சொல்லிவிட்டு அவள் நின்றாள். அதுவரை இருந்த சந்தோஷம் எங்கோ போய்விட்டது.

"அவங்க பேசுறப்ப நீங்க என்ன பண்ணுவீங்க அக்கா?"

"ரெண்டு பேருக்கும் டீ போடுவேன்."

"இந்தத் தடவ டீய அவரு போடட்டும். நீங்க கட்டில்ல உக்காருங்க."