மஞ்சள் தண்ணீர் சோதனை

சேர்மன் தணிகைவேலுவின் காரில் பின்பக்க இடது சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் பிரேக் காலிப்பர் தேய்ந்து, பிடித்த பிடியை விடாமல் இறுக்கியது. மாற்றும் வேலை அவருடைய மச்சினன் கதிரேசனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. திரும்பி வந்த பிறகும் வண்டி இழுத்துப் பிடித்தது.

“புதுசு மாட்டியாச்சு அத்தான். உங்க டிரைவர்தான் பிரேக்கிலேயே காலை வச்சு ஓட்டுறான்,” என்றார் கதிரேசன்.

கட்சிக்காரர்கள் முன்னால் டிரைவர் இசக்கியை நிறுத்தினார் சேர்மன். “மச்சினன் பார்த்த வேலையை எவனும் கழற்றிப் பார்க்கக் கூடாது. தப்பு உன் கால்ல இல்லேன்னு இப்பவே காட்டு. இல்லேன்னா சாவியை வச்சிட்டுப் போ.”

“கழற்ற வேண்டாம்யா. புதுச் சாமான் மாட்டின வண்டிக்கு ஒரு பூசை போட்டுருவோம். அதுக்கு முன்னாடி அண்ணாச்சியே மலையடி வரைக்கும் ஓட்டிட்டு வரட்டும்,” என்று கதிரேசனைக் காட்டினார் இசக்கி.

பூசை என்றதும் கூட்டம் கைதட்டியது. கதிரேசன் மறுக்க முடியாமல் ஓட்டிவிட்டு வந்தார். இசக்கி செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரை ஒவ்வொரு சக்கரமாகத் தெளித்தார். மூன்று சக்கரங்களில் தண்ணீர் பேசாமல் வழிந்தது. பின்பக்க இடது சக்கரத்தில் உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. கட்சிக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“சாமி ஏத்துக்கிட்டுது அத்தான்!” என்றார் கதிரேசன்.

“மத்த மூணு சக்கரத்துக்கும் வராத சாமி, உங்க புதுக் காலிப்பருக்கு மட்டும் வந்திருக்கா அண்ணாச்சி? ஓட்டினதும் உங்க காலுதான்,” என்றார் இசக்கி.

சேர்மன் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். உள்ளே பழைய காலிப்பர், புதுப் பெயிண்டோடு புகைந்துகொண்டிருந்தது.

மறுநாள் நிஜமாகவே புதுசு வந்தது. மாட்டி முடித்ததும் இசக்கி செம்பைக் கையில் எடுத்தார்.

“கொஞ்சம் பொறு தம்பி,” என்றார் கதிரேசன். “மத்த மூணு சக்கரத்தையும் ஒரு தடவை பார்த்துடுறேன்.”