மேட்டுத் தெருவோட குணம்

ஒரு ஊர்ல ஒரு தெரு. ராஜா இல்ல, ராணி இல்ல, தெருதான். மேட்டுத் தெருன்னு பேரு. கேக்குறியா?

"ம்."

அந்தத் தெருவுல கோதைன்னு ஒருத்தி. அவ வீட்டுக்கு இடது பக்கத்து வீட்டை இடிச்சுட்டு, ஏழு மாடி கட்டப் போறேன்னு ஒரு பில்டர் வந்து நின்னான். கட்டினா, அவ அடுப்படி ஜன்னலுக்கு நேரா வெறும் சுவர். வெளிச்சமும் கிடையாது, காத்தும் கிடையாது. பாவம், அவளுக்குச் சோறே இறங்கல.

அப்போ நகராட்சியில சொன்னாங்களாம்: "ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு குணம் இருக்கும். உங்க தெருவோட குணத்தைக் காட்டுங்க. அதைக் கெடுக்காமதான் யாரும் கட்டணும்னு சட்டம் எழுதிடுறோம்." பாக்குறதுக்கு அங்கயற்கண்ணின்னு ஒரு அதிகாரியம்மா வந்தாங்க.

"எங்க வீடெல்லாம் ஒரே உயரம்மா"ன்னா கோதை. அதிகாரியம்மா டேப்பை இழுத்தாங்க, சர்ர்ர்ர்... ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை, ஒண்ணு தலையில தகரக் கொட்டகை. "வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க"ன்னுட்டுப் போயிட்டாங்க.

அப்புறம் தெருவே கூடி யோசிச்சு, எல்லா வீட்டுக்கும் ஒரே பச்சை பெயின்ட் அடிச்சுது, சளக் சளக்னு. அன்னிக்குச் சாயங்காலம் கோதையோட வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வந்து, தன் வீடுன்னு நினைச்சு, நேரா வலது பக்கத்து ரஞ்சிதம் வீட்டுல போய்ச் சட்டையைக் கழட்டிட்டு உக்காந்துட்டார். "வந்தது வந்தீங்க, காபி குடிச்சிட்டே போங்கண்ணா"ன்னா ரஞ்சிதம்.

மறுநாள் அதிகாரியம்மா வந்து சுவரைத் தொட்டாங்க. விரல்ல பச்சை. "உங்க குணம் இன்னும் காயலையேம்மா"ன்னாங்க.

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

மூணாவது தடவை வந்தப்போ நல்ல வெயில். காட்டுறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. "மோராவது குடிங்கம்மா"ன்னு கோதை அடுப்படிக்குப் போனா, மோரும் இல்ல. வலது பக்கத்து ஜன்னல் வழியா, "ரஞ்சிதம், மோர்"னா. ரஞ்சிதம் அந்தப் பக்கத்து ஜன்னல்ல, "சகாயம் அக்கா, மோர்"னா. மோர், மோர், மோர்னு குரல் தெருக்கோடி வரைக்கும் போச்சு. அப்புறம் ஒரு சொம்பு, கை மாறிக் கை மாறி, ஜன்னல் ஜன்னலா வந்துச்சு. வழியில ஒருத்தி உப்பு போட்டா, ஒருத்தி கறிவேப்பிலை கிள்ளிப் போட்டா.

அதிகாரியம்மா மடக் மடக்னு குடிச்சாங்க. "எல்லா வீட்டுலயும் இப்படி எதிரெதிர் ஜன்னல் இருக்கா?"

"அது இல்லாம எப்படிம்மா வீடு கட்டுறது?"ன்னா கோதை.

அதிகாரியம்மா சிரிச்சிட்டாங்க. அங்கேயே உக்காந்து எழுதினாங்க: இந்தத் தெருவுல யார் கட்டினாலும், ஒவ்வொரு மாடியிலயும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரா அடுப்படி ஜன்னல் வைக்கணும். சொம்பு நீட்டினா வாங்கிக்க எதிர்ல ஆள் இருக்கணும்.

பில்டர் தலையைச் சொறிஞ்சான். "ஏழாவது மாடியிலேர்ந்து யாருக்கு நீட்டுறது?"

"ஆளே இல்லாத உயரத்துக்கு ஏன் தம்பி போறீங்க?"ன்னா கோதை.

அப்புறம் அவன் சின்னதா ஒரு வீடுதான் கட்டினான். அதுல ஒரு புதுப் பொண்ணு குடி வந்தா. அன்னிக்கே கோதையோட இடது ஜன்னல்ல டக் டக். வளையல் போட்ட ஒரு கை நீண்டுச்சு.

"அக்கா, கொஞ்சம் புளி இருக்கா?"

அவ்வளவுதான் கண்ணு. புளி கொடுத்தாச்சு, கதை கொடுத்தாச்சு, இனி நீ கண்ணை மூடு.